ஹாஸ்டல் பிள்ளைகள் நன்கொடை திரட்டக் கேட்கிறார்களா? முதல் உண்டியல் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழாசிரியை, பெண்கள் ஹாஸ்டலுக்கு வார்டனும்கூட. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். செய்தித்தாளில் தூத்துக்குடிப் படங்களைப் பார்த்துவிட்டு, ராத்திரி ஸ்டடி முடிந்ததும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். "மேடம், நாமளும் ஏதாச்சும் பண்ணலாங்க." மறுநாளே ஆரம்பித்துவிட்டோம். விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த பெற்றோரிடம் கேட்டோம், என் சொந்த யுபிஐ எண்ணைக் கொடுத்தோம், ஐந்து நாளில் 1,12,000 ரூபாய் சேர்ந்தது.

அந்தப் பணம் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் கடைசியில். நிவாரணப் பொருள் வாங்கித் தருவதாகச் சொன்ன ஓர் அறக்கட்டளைக்குத் தர நினைத்தோம். கேட்டுப் பார்த்தால், கொடுப்பவருக்கு வருமான வரிக்கழிவு கிடைக்கத் தேவையான அவர்களுடைய 80ஜி பதிவு காலாவதியாகியிருந்தது. சில பெற்றோர் ரசீது கேட்டார்கள், என்னால் தர முடியவில்லை. பள்ளி அலுவலகம் தன் கணக்கில் அந்தப் பணத்தை வாங்க மறுத்தது, அது நியாயமும்தான். நான்கு மாதம் என் சம்பளக் கணக்கில் பிள்ளைகளின் பணம் கிடந்தது, கடைசியில் முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அனுப்பினோம். வெள்ளம் வடிந்து, வீடு பூசி, பள்ளிக்கூடம் திறந்து எல்லாம் முடிந்துவிட்டது. முதல் நாளே அந்த நிதிக்கு நேராக அனுப்பியிருந்தால் அன்று சாயங்காலமே ரசீது கையில் இருந்திருக்கும்.

அதற்கடுத்த முறை, 2025 ஜனவரியில், வேறு ஒரு காரியத்துக்காக முறையாகச் செய்தோம். அந்த அனுபவத்தை வரிசையாக எழுதுகிறேன். புதிதாக வார்டனாகச் சேர்ந்தவர்கள், மாணவர் மன்றப் பொறுப்பாசிரியர்கள், ஏன், ப்ளஸ் ஒன் படிக்கிற பிள்ளைகளே படித்தாலும் நல்லது.

1. பணம் போகும் வழியை முதலில் முடியுங்கள்

வாங்குவது சுலபம். கொடுப்பதுதான் கஷ்டம். அதனால் கொடுக்கும் இடத்தை எழுத்தில் முடித்துவிட்டு அப்புறம் வாங்க ஆரம்பியுங்கள்.

பேரிடர் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதலமைச்சரின் பொது நிவாரண நிதி. அரசின் இணையதளத்திலேயே கட்டலாம், ரசீது உடனே வரும், 80ஜியில் நூறு சதவீதக் கழிவும் உண்டு. அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்ய ஆசை என்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பார்த்து, என்ன தேவை என்று கேட்டுவிட்டு அதன் வழியாகவே தரலாம்.

யாருக்காவது மருத்துவ உதவி என்றால், முதலில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். அட்டை எடுக்காமலேயே கடன் வாங்கி அலைகிற குடும்பங்கள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குக் கூட்டிப் போவது நீங்கள் திரட்டப் போகும் பணத்தைவிடப் பெரிய உதவியாக இருக்கலாம். அதற்கு மேலும் பணம் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி பில்லுக்கு நேராகக் கட்டுங்கள், யார் கையிலும் ரொக்கமாகத் தர வேண்டாம்.

நாங்கள் இரண்டாவது முறை எடுத்துக்கொண்டது, பக்கத்துத் தாலுகாவில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான ஒரு பகல்நேர மையம். சக்கர நாற்காலி வாங்கித் தருவது என்றுதான் பிள்ளைகள் முடிவு செய்திருந்தார்கள். நேரில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, சக்கர நாற்காலிகளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பித்து இலவசமாகவே வாங்கிவிட்டார்களாம். அங்கே இல்லாதது, அந்த நாற்காலியோடு உள்ளே போக முடிகிற கழிப்பறை. வாசலில் ஆறு அங்குலப் படி. எங்கள் கண்முன்னாலேயே ஓர் ஆயாம்மா, பன்னிரண்டு வயதுப் பையனை இரண்டு கையிலும் ஏந்தி, பக்கவாட்டில் திரும்பி, தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தடவை என்று எங்கள் பிள்ளை ஒருத்தி கேட்டாள். "எண்ணுனதில்ல கண்ணு" என்றார். அங்கேயே காரியம் முடிவாகிவிட்டது: சாய்தளம், கைப்பிடிக் கம்பி, வழுக்காத டைல்ஸ், அகலமான கதவு.

அதனால் கண்டிப்பாக நேரில் போங்கள். பிள்ளைகளில் நான்கு பேரையாவது கூட்டிப் போங்கள். அரசு இலவசமாகத் தருவது எது, தராதது எது என்று கேட்டு, தராததற்குத் திரட்டுங்கள்.

2. அவர்களிடம் வாங்க வேண்டிய தாள்கள்

இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகவே தருவார்கள்.

அறக்கட்டளையின் பதிவுப் பத்திர நகல், பான் அட்டை நகல், 12ஏ பதிவு (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது), 80ஜி ஒப்புதல் ஆணை. கூடவே லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம்: இன்ன வேலைக்கு இவ்வளவு தேவை, உங்கள் பள்ளி மாணவர்கள் திரட்டித் தரச் சம்மதிக்கிறோம் என்று. வேலைக்கான கொட்டேஷன் மூன்று. வங்கிக் கணக்கு அறக்கட்டளையின் பெயரிலேயே இருக்கிறதா என்று பார்க்க ஒரு ரத்து செய்த காசோலை. நிர்வாகியின் சொந்தக் கணக்கு என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

80ஜி ஆணையில் தேதியைப் பாருங்கள். நான் சறுக்கியது இங்கேதான். 2021க்குப் பிறகு எல்லா அறக்கட்டளைகளும் புதிதாகப் பதிவு செய்ய வேண்டி வந்தது. இப்போது ஒப்புதல் ஐந்தாண்டுக்கு, தற்காலிக ஒப்புதல் என்றால் மூன்றாண்டுக்கு. சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பழைய சான்றிதழைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். எந்த ஆண்டு வரை செல்லும் என்று ஆணையிலேயே இருக்கும். வருமான வரித் துறையின் இணையதளத்திலும் விலக்கு பெற்ற அமைப்புகளைப் பெயரோ பான் எண்ணோ போட்டுத் தேடலாம், ஐந்து நிமிட வேலை.

எங்களுக்கு இந்தத் தாள்கள் எல்லாம் கைக்கு வரப் பதினெட்டு நாள் ஆனது. ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. பள்ளிக்குள் அனுமதி, வீட்டில் சம்மதம்

முதல்வரிடம் வாய்வார்த்தை போதாது. ஒரு பக்கக் கடிதம் எழுதி, எதற்கு, எத்தனை நாள், யார் பொறுப்பு, பணம் யார் கையில் இருக்கும், மீந்தாலோ குறைந்தாலோ என்ன செய்வது என்று எல்லாம் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். தாளாளர் பார்க்க வேண்டும் என்றால் அதற்கு ஒரு வாரம் தனியாக ஒதுக்குங்கள்.

பெற்றோர் சம்மதம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹாஸ்டல் பிள்ளைகளிடம் சொந்தப் பணம் கிடையாது. பாக்கெட் மணி ஆபீசில் கட்டப்பட்டிருக்கும், பிள்ளை கேட்கும்போது கழித்துக்கொண்டு தருவார்கள். உற்சாகத்தில் பிள்ளைகள் "என் கணக்குல 500 எடுத்துக்கங்க மேடம்" என்பார்கள். எடுக்காதீர்கள். அது சோப்புக்கும் நாப்கினுக்கும் நோட்டுக்கும் அப்பா அனுப்பிய காசு. நம் பக்கம் ஹாஸ்டல் கட்டணம் கட்ட நகையை அடகு வைக்கும் வீடுகள் உண்டு, பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி ஓட்டி வாரக் கூலியில் மிச்சம் பிடித்துப் படிக்க வைப்பவர்கள் உண்டு. பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மட்டும், அதுவும் ஒரு பிள்ளைக்கு 100 ரூபாய்க்கு மேல் இல்லை என்று நாங்கள் வரம்பு வைத்தோம்.

தலைக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கவே கூடாது. நிர்ணயித்த நிமிடமே அது கட்டணம் ஆகிவிடும், யாராவது புகார் எழுதினால் பள்ளி பதில் சொல்ல வேண்டி வரும். சம்மதச் சீட்டில் 'விருப்பமில்லை' என்றும் ஒரு கட்டம் வையுங்கள். அந்தச் சீட்டுகளை நீங்கள் மட்டும் பாருங்கள், வகுப்புத் தலைவி கையில் கொடுத்து வாங்கச் சொல்லாதீர்கள்.

4. யார் பெயரில் வாங்குவது

சொந்த யுபிஐ எண் வேண்டவே வேண்டாம். எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் சரி. உங்கள் கணக்கில் யார் யாரிடமிருந்தோ நூற்றுக்கணக்கில் வரவு விழுந்தால் வங்கியும் கேட்கும், வரித் துறையும் கேட்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக ஊர் கேட்கும்.

பெரிய தொகை தருபவர்களை அறக்கட்டளையின் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். அவர்களுடைய க்யூஆர் அட்டையைப் பெரிதாக அச்சடித்து ஒட்டிவிட்டால் போதும். இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது: பள்ளி மொத்தமாகத் திரட்டி ஒரே காசோலையாகக் கொடுத்தால், ரசீதில் கொடையாளி என்று பள்ளியின் பெயர்தான் வரும். தனித்தனியாகக் கொடுத்த பெற்றோருக்கு வரிக்கழிவு கிடைக்காது. வரிக்கழிவு வேண்டும் என்பவர்கள் நேராகத்தான் அனுப்ப வேண்டும், பெயர், முகவரி, பான் எண் மூன்றையும் அறக்கட்டளைக்குத் தர வேண்டும். ரொக்கமாகத் தந்தால் 2,000 ரூபாய்க்கு மேல் 80ஜி கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது. இந்த நான்கு வரியையும் நோட்டீசில் அப்படியே போட்டுவிட்டால் உங்களுக்கு நூறு போன் மிச்சம்.

உண்டியல், கடைகள் மூலம் வரும் சில்லறைப் பணம் பள்ளியின் கணக்கில் தனித் தலைப்பில் வரவாக வேண்டும். கணக்காளரிடம் முன்கூட்டியே பேசி அந்தத் தலைப்பைத் திறக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு உறவினர்கள் விஷயம். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார், வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு "நானும் அனுப்பறேன்" என்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினையில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் தந்தால், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருந்தாலும், ரூபாயாகவே தந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. சித்தப்பாவிடம் பாஸ்போர்ட்டைப் பற்றிக் கேட்பது சங்கடம்தான், ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

5. எப்போது வைப்பது

ஜூன், ஜூலையில் வேண்டாம், கட்டணம் கட்டிய சூடு ஆறியிருக்காது. பிப்ரவரிக்கு மேல் பொதுத்தேர்வு. காலாண்டு விடுமுறை முடிந்து வரும் அக்டோபர், இல்லையென்றால் பொங்கல் முடிந்து பிள்ளைகள் திரும்பும் வாரம், இந்த இரண்டும்தான் வசதி. நாங்கள் பொங்கலைப் பிடித்தோம். நோம்பிக்குத் தாத்தா பாட்டி, மாமா எல்லாரும் கையில் வைத்த காசு பிள்ளைகளிடம் இருக்கும், அது அவர்களுடைய சொந்தக் காசு. விடுமுறைக்குப் போகும்போதே நோட்டீசைக் கையில் கொடுத்து அனுப்பினால் வீட்டில் பேசிவிட்டு வருவார்கள்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் அப்பாக்கள் பாதி வருடம் வடக்கே இருப்பார்கள், அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அறக்கட்டளைக் கணக்கு விவரம் போய்விட வேண்டும். மஞ்சள் விவசாயிகள் "அறுவடை முடியட்டுங்க" என்பார்கள். சொன்னவர்கள் மார்ச்சில் தேடி வந்து கொடுத்தார்கள், அதனால் நேரடிக் கணக்கை மார்ச் கடைசி வரை திறந்தே வையுங்கள்.

மொத்தத்தில்: தாள்களுக்கு ஒரு மாதம், அனுமதிக்கும் நோட்டீசுக்கும் இரண்டு வாரம், திரட்டுவது பத்து நாள். பத்து நாளுக்கு மேல் இழுத்தால் படிப்பு கெடும், பிள்ளைகளுக்கும் சலித்துவிடும்.

6. ஹாஸ்டலுக்கு ஒத்துவரும் வழிகள்

விசிட்டிங் ஞாயிறுதான் உங்கள் பெரிய நாள். அன்று உணவுக் கடை போட்டோம். கம்மங்கூழ், சந்தகையும் தேங்காய்ப்பாலும், ஒப்புட்டு, கச்சாயம், நிலக்கடலை உருண்டை. சமைத்தது மெஸ் மாஸ்டரும் முந்தியே சொல்லி வைத்த பத்து அம்மாக்களும். சந்தகை ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. சந்தகை பிழிய ஆள் போதவில்லை, அடுத்த முறை இரண்டு சந்தகைக் கட்டை வேண்டும். வெளிக்கடைக்காரரை ஐஸ்கிரீமோ பானிபூரியோ போடக் கூப்பிட்டால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டு எழுதி வையுங்கள். அறுநூறு பிள்ளைகள் ஒரே மெஸ்ஸில் சாப்பிடும் இடம், ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் எல்லாம் பாழ்.

கடைகளில் காசு கைமாற வேண்டாம். ஒரே இடத்தில் டோக்கன் விற்று, கடைகளில் டோக்கனை மட்டும் வாங்குங்கள். டோக்கன் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று இரண்டு நிறம், பின்னால் பள்ளி முத்திரை. விற்பனை 61,200 வந்தது, சாமான் செலவு 18,450. சாமான் பில்களை ஒரு நோட்டில் ஒட்டினோம்.

பழைய பேப்பர், பழைய நோட்டு. எல்லா அறைகளிலும் அலமாரிக்கு மேல் கிடக்கும். 410 கிலோ சேர்ந்தது, கிலோ 12 ரூபாய்க்கு எடுத்தார்கள், 4,920. எடை போடும்போது பிள்ளைகள் பக்கத்தில் நின்று எழுதட்டும்.

மெஸ்ஸில் ஒரு நாள் சாயங்கால ஸ்நாக்ஸை விட்டுக்கொடுத்து அந்தக் காசைத் தருகிறோம் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், வளர்கிற பிள்ளைகள். நாங்கள் வேண்டாம் என்றுவிட்டோம்.

7. செய்யவே கூடாதவை

லக்கி டிரா. பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுவது இதுதான்: பத்து ரூபாய்ச் சீட்டு, முதல் பரிசு சைக்கிள். தமிழ்நாட்டில் 2003லிருந்து லாட்டரிக்குத் தடை. காசுக்குச் சீட்டு விற்றுக் குலுக்கிப் பரிசு தருவதை நல்ல காரியத்துக்குத்தானே என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். வேண்டாம்.

உண்டியலோடு பஸ் ஸ்டாண்டுக்கும் கடைவீதிக்கும் பிள்ளைகளை அனுப்புவது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிள்ளைகளைப் பிச்சை எடுக்க வைப்பதற்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. நீங்கள் செய்வது அது இல்லைதான். ஆனால் யூனிஃபார்ம் போட்ட பிள்ளை சிக்னலில் டப்பா குலுக்குவதைப் பார்த்து ஒருவர் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். வெயில், போக்குவரத்து, பெண்பிள்ளைகளின் பாதுகாப்பு எல்லாம் வேறு. காம்பவுண்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எந்த வகுப்பு அதிகம் கொடுத்தது என்று போர்டில் எழுதுவது. முதல் தடவை நாங்கள் எழுதினோம். எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு நாள் மெஸ்ஸுக்குக் கடைசியாக வந்தாள். உண்டியல் பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறாள், போட ஒன்றும் இல்லாததால். எனக்கு அது தெரிந்தது அடுத்த வாரம். இப்போது மொத்தத் தொகையை மட்டும்தான் சொல்கிறோம், அதையும் கடைசி நாளில். உண்டியலையும் நுழைவாசலிலிருந்து எடுத்து, கை கழுவும் இடத்துக்குப் போகும் வழியில் ஓரமாக வைத்துவிட்டோம். போடுகிறவர் போடலாம், போடாதவர் கடந்து போகலாம்.

உதவி பெறும் பிள்ளைகளின் படத்தைப் போஸ்டரில் போடுவதும் கூடாது. அந்தக் கழிப்பறைப் படியின் படத்தைத்தான் நாங்கள் போட்டோம், அதுவே போதுமாக இருந்தது.

8. உண்டியல், ரசீது, எண்ணும் இரவு

செலவுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பூட்டு வைத்த தகர உண்டியல் ஆறு, ஒன்று 180 வீதம் 1,080. ரசீதுப் புத்தகம் மூன்று, அச்சகத்தில் 120 வீதம் 360. ஃப்ளெக்ஸ் இரண்டு, 576. ஆக 2,016 ரூபாய். இதை ஆசிரியர்கள் நாங்கள் பத்துப் பேர் பிரித்துப் போட்டுக்கொண்டோம். திரட்டிய பணத்திலிருந்து இதற்கு ஒரு ரூபாய்கூட எடுக்காதீர்கள், கணக்கு சொல்லும்போது அது பெரிய பலம்.

ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சாகியிருக்க வேண்டும், அடித்தாள் இருக்க வேண்டும். கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். ஊர், பெயர், தொகை. எழுதாமல் ஒரு நோட்டும் பைக்குள் போகாது. அதே முறைதான். வாங்கும் கையும் எழுதும் கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஏதாவது ரசீதில் தவறாக எழுதிவிட்டால் கிழிக்காமல் 'ரத்து' என்று எழுதிப் புத்தகத்திலேயே விட்டுவிடுங்கள்.

உண்டியல் சாவி இரண்டு பூட்டுக்கு இரண்டு பேரிடம். ஒன்று வார்டன், இன்னொன்று கணக்காளர். தினமும் திறக்க வேண்டாம், கடைசி நாள் ஒரே முறை.

நாங்கள் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மெஸ் மேசையிலேயே எண்ணினோம். குழி குழியாக இருக்கும் எவர்சில்வர் தட்டு இதற்கு நன்றாக உதவியது, பெரிய குழியில் நோட்டு, சின்னக் குழிகளில் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. வகுப்புக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஒரு பெற்றோர். ஒரு குழு எண்ணியதை இன்னொரு குழு திரும்ப எண்ண வேண்டும். எட்டாக மடித்த ஓர் இருபது ரூபாய் நோட்டின் உள்ளே துண்டுச்சீட்டு இருந்தது: "அப்புச்சி குடுத்தது." பெயர் இல்லை. அந்தச் சீட்டை ரசீதுக் கோப்பில் ஒட்டி வைத்திருக்கிறேன். உண்டியலில் மொத்தம் 23,640. எண்ணிய எல்லாரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள், பிள்ளைகளும்.

9. சில்லறையை வங்கியில் கட்டுவது

முன்னால் போன் செய்துவிட்டுப் போங்கள். திங்கட்கிழமையும் மாத முதல் வாரமும் வேண்டாம். நாணயங்களை நூறு நூறாகச் சின்னப் பாலிதீன் பைகளில் போட்டு, மேலே எண்ணிக்கை எழுதிக் கொண்டுபோனால் வாங்குபவருக்கும் சுலபம்.

பத்து ரூபாய் நாணயம் நம் பக்கம் பல கடைகளில் வாங்க மாட்டார்கள், அதனால் உண்டியலில் நிறைய விழும். எல்லா வடிவத்துப் பத்து ரூபாய் நாணயமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது, 14 வடிவங்கள் உண்டு. வங்கி மறுக்க முடியாது. கிழிந்த நோட்டுகளைத் தனியாக வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். கட்டிய சீட்டின் நகலைக் கோப்பில் வையுங்கள், மை சீக்கிரம் மங்கிவிடும்.

10. ஒப்படைப்பு, அதற்குப் பிறகு

பள்ளிக் கணக்கில் சேர்ந்தது: உண்டியல் 23,640, உணவுக் கடை நிகரம் 42,750, பேப்பர் 4,920, ஆக 71,310. இதை ரொக்கமாகவோ பெரிய அட்டைக் காசோலையாக மேடையிலோ தரவில்லை, வங்கிப் பரிமாற்றம்தான். அறக்கட்டளைக்கு நேராகப் போனது 96,500. மொத்தம் 1,67,810. வேலைக்கு ஆனது 1,52,000. மீந்த 15,810 ரூபாய் பிசியோதெரபிஸ்ட் ஊதியத்துக்கு என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்ததால் பேச்சே எழவில்லை. மீதிக்கும் குறைவுக்கும் முன்பே வழி எழுதி வைக்கச் சொன்னது இதனால்தான். குறைந்திருந்தால் டைல்ஸை விட்டுவிட்டுச் சாய்தளமும் கம்பியும் மட்டும் என்று வைத்திருந்தோம்.

அறக்கட்டளையிடமிருந்து மூன்று தாள் வர வேண்டும்: பள்ளிக்கு ரசீது, வேலை முடிந்த பின் செலவு விவரம் பில் நகல்களோடு, நேராக அனுப்பிய ஒவ்வொருவருக்கும் வரிக்கழிவு கேட்கத் தேவையான 10பிஇ என்ற நன்கொடைச் சான்று. அந்த நிதியாண்டுக்கான 10பிஇ தரக் கடைசித் தேதி மே 31. அப்போது பிள்ளைகள் லீவில் இருப்பார்கள், ப்ளஸ் டூ பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். அதனால் பெற்றோரின் வாட்ஸ்அப் எண்ணை ரசீது எழுதும்போதே வாங்கிவிடுங்கள். மே இரண்டாம் வாரம் அறக்கட்டளைக்கு ஒரு போன் போட்டு நினைவூட்டுங்கள், நான் இரண்டு தடவை போட்டேன்.

கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரவு, செலவு, மீதி மூன்றையும் எண்ணிய பிள்ளைகளே வாசித்தார்கள், அப்புறம் மெஸ் நோட்டீஸ் போர்டில் ஒரு மாதம் ஒட்டி வைத்தோம். வேலை முடிந்ததும் முதலில் பார்த்த அதே நான்கு பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். அந்த ஆயாம்மா நாற்காலியை ஒரு கையால் தள்ளிச் சாய்தளத்தில் ஏற்றிக் காட்டினார்.

கடைசி வேலை: ரசீதுப் புத்தகங்களில் எழுதாமல் மீந்த தாள்களுக்குக் குறுக்கே கோடு போட்டு, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பயன்படவில்லை என்று முதல்வரிடம் கையெழுத்து வாங்கிக் கோப்போடு கட்டிப் பீரோவில் வையுங்கள். உண்டியல்களைத் திறந்த நிலையிலேயே ஸ்டோர் ரூமில் கவிழ்த்து வையுங்கள், சாவிகளை ஆபீசில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.